என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த நோய்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் உடம்பில் என்ன நோய் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மூத்த மகன் சங்கரலிங்கத்துக்குத் தெரியும். அவன் மனைவி இந்துமதிக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் இருக்கும் சின்னவன் ஆவுடையப்பனுக்குத் தெரியும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் இவர்களை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இது எனக்குச் செய்த அநியாயம். இதை எழுதி வைக்கத்தான் இந்த டைரியைத் திறந்தேன். புதுவருஷத்துக்கு மண்டியில் கொடுத்தது, சும்மா கிடந்தது.

போன மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தேன். அரை வாளி. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். "வயித்துல புண்ணும்மா, ஆறிட்டு" என்றான் சங்கரு. நம்பினேன்.

இன்று முழங்கால் வலி தாங்கவில்லை. வழக்கமாக மாத்திரை வாங்கும் கடை ஞாயிறு என்று பூட்டிக் கிடந்தது. கீழ பஜார் மருந்துக் கடைக்குப் போனேன்.

"ஆச்சி, ஒங்களுக்கு வலி மாத்திரை தரமாட்டேன். ஒங்க மவன் வந்து சொல்லிட்டுப் போயிருக்காவ."

"என்னன்னு சொன்னான்?"

"ஈரல்ல பிரஷர் இருக்குல்லா. வலி மாத்திரை போட்டா மறுபடியும் ரத்தம் வந்துரும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஆச்சிக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். நீ ஒழுங்கா சொல்லுதியான்னு பாத்தேன்" என்றேன்.

வீடு வரும்வரை நடையைக் குறைக்கவில்லை. வீட்டில் வந்துதான் உட்கார்ந்தேன். அந்த மாத்திரையை மூன்று வாரமாகத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் சங்கரு சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏல, எனக்கு என்ன சீக்கு?"

"அதாம் சொன்னம்லா, புண்ணு."

"ஈரல்ல பிரஷரா?"

பித்தான் போட்ட கை நின்றது. அடுக்களையில் இந்துமதி ஒரு மூடியைக் கீழே போட்டாள்.

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நீ சொல்லல."

"எம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வெசாரமெல்லாம்? நாங்க பாத்துக்கிடுதோம். நீ நிம்மதியா இரு."

"வாந்தி எடுத்தது நானா நீயால?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முப்பது வருஷம் எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்து இவர்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். நான் அஞ்சாம் வகுப்பு. கணக்கும், பேப்பர் படிப்பதும், வியாபாரிகளிடம் பேசுவதும் நானாகக் கற்றது. புளியங்குடிச் சந்தையில் என்னை ஒருவன் காய் விலையில் ஏமாற்றியது கிடையாது. என் ஈரலை வைத்து என் வீட்டில் ஏமாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பில் இன்றும் உப்பில்லை. நாரத்தங்காய் ஊறுகாயை ஒரு துண்டு கூடவே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மாடியில் துணி காயப்போடும்போது இந்துமதி வந்தாள். கீழே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அத்த, நான் சொன்னேன்னு ஒங்க மவன்ட்ட சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன். சொல்லு."

"ஈரலுக்கு ரத்தம் போற பெரிய குழாய் இருக்காம். அதுல அழுத்தம் கூடிட்டாம். கையில பாக்குத பிரஷர் வேற, இது வேற. ஒங்களுக்குக் கையில சரியாத்தான் இருக்கு. உள்ள கூடிருக்கு. அதனால தொண்டைக்குக் கீழ குழாயெல்லாம் வீங்கி, அதுல ஒண்ணு வெடிச்சுதான் ரத்தம் வந்துருக்கு. ரப்பர் பேண்டு மாதிரி ஒண்ண வச்சுக் கட்டிருக்காவ."

"அப்புறம் ஏன் புண்ணுன்னு சொன்னிய?"

கேட்டதும் ஈரச் சேலையை உதறி உதறிக் கொடியில் போட்டாள். நானே ஊகித்துக் கேட்டேன்.

"ஆவுடைக்குப் பாத்திருக்க பொண்ணா?"

தலையை ஆட்டினாள். ஆவுடையப்பனுக்கு முப்பத்துநாலு வயதாகிறது. ஐந்தாறு வருஷமாக எந்த ஜாதகமும் படியவில்லை. இப்போது கடையநல்லூரில் ஒரு பெண் பொருந்தி வந்திருக்கிறது. வருகிற இருபத்துமூன்றாம் தேதி பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். மார்ச்சில் நிச்சயம்.

"மாமியாரு சீக்காளின்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா அத்த? வந்த அன்னைக்கே பீ மூத்திரம் அள்ளணுமான்னு கேக்க மாட்டாவளா?" என்றவள், இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். "மூணு வாரத்துல மறுபடி கூட்டிட்டு வரச் சொன்னாவ டாக்டரம்மா. மிச்சக் குழாயையும் கட்டணுமாம். ஒங்க மவன் நிச்சயம் முடிஞ்சு போவோம்னு தள்ளி வச்சிருக்காவ. எனக்குப் பயமா இருக்கு அத்த."

மூன்று வாரம் முடிந்துவிட்டது.

நல்லது. இப்போது எல்லாம் விளங்குகிறது. படபடப்புக்கு என்று ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். எனக்குப் படபடப்பே கிடையாது, நிறுத்திவிட்டேன். மலச்சிக்கலுக்கு என்று ஒரு இனிப்பு மருந்து. எனக்குச் சிக்கல் கிடையாது, தினம் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினேன். இரண்டும் ஈரலுக்கான மருந்தாம். எதற்கு என்று சொல்லாமல் கொடுத்தது அவர்கள் குற்றம், நான் ஊற்றியது குற்றமில்லை.

இனியும் குடிக்கமாட்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்து இது இன்னதற்கு என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு குடிக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். கூட ஒரு ஆள் இல்லாமல் வரக்கூடாதாம். மயக்க ஊசி போடுவார்களாம், யாராவது பொறுப்பெடுக்க வேண்டுமாம். இந்துமதியைக் கூப்பிட்டால் அவள் வாழ்க்கையில் சண்டை. ஆவுடையைக் கூப்பிட்டால் அண்ணனிடம் சொல்வான்.

பகலெல்லாம் தூக்கமாக வருகிறது. ராத்திரி கண் மூடவில்லை. வெயில் காலம் தொடங்கிவிட்டது, அதனால்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். இறந்துபோன என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவள், வாசலோடு நின்று தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு முந்தின வாரம் அவளை நான் ஏதோ சொன்னேன் என்று கேள்விப்பட்டாளாம்.

வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

"என்னக்கா, வழி தவறிட்டியளா?"

"எனக்கு ஈரல்ல ரத்தக்குழாய் வெடிக்கப் பாக்கு. திருநெவேலி போணும். கூட ஆளு வேணும்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஒன்பது வருஷம் கழிச்சு வந்து கேக்கதப் பாரு. ஒரு தண்ணி குடிக்கியளான்னு கேட்டா மூஞ்சத் திருப்புவிய, சாவப் போறன்னதும் நான் வேணும்."

"வருவியா மாட்டியா?"

"வராம? ஒங்க கொழுந்தனுக்குப் பெரிய மதினின்னா தெய்வம். நான் வரலைன்னா மேல போய் அவருட்ட நீங்கதான கோள் மூட்டுவிய. உள்ள வாங்கக்கா, வாசல்ல நிக்காதிய, ஊரு பாக்கு."

உள்ளே போனேன். வியாழக்கிழமை என்று பேசி முடித்தோம்.

பிப்ரவரி 30, வெள்ளி

காய் வந்து இறங்கிவிட்டது. மூட்டையை எண்ண வேண்டும். மஞ்சள் தனி பச்சை தனி. அவர் காப்பி கேட்டார் கொடுக்கவில்லை கொடுக்க வேண்டும். சீனி டப்பாவில் உப்பு. இன்று செவ்வாய் சந்தை. லாரி நிற்கிறது லாரி நிற்கிறது யாரும் இறக்க

பிப்ரவரி 19, புதன்

மேலே இருப்பது என் கையெழுத்துதான். நேற்று எழுதியதாம். எனக்கு நினைவில்லை. பக்கத்தைக் கிழிக்கமாட்டேன். தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பேன்.

உலகம்மாள் நேற்று மாலை பஸ் நேரம் கேட்க வந்தபோது நான் அவளை யாரென்று கேட்டேனாம். ஒன்பது வருஷக் கோபத்தில் நடிக்கிறேன் என்று முதலில் நினைத்தாளாம். பிறகு நான் செத்துப்போன என் வீட்டுக்காரருக்கு டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாளாம். சங்கரு வேலையாக வெளியூர் போயிருந்ததால் இந்துமதி மருந்துக் கடைக்காரரிடம் போனில் கேட்க, அவர் அந்த இனிப்பு மருந்தைக் குடிக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கும் உடனே பேசச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் அதையே சொன்னார்கள்: மருந்தைக் கொடுங்கள், தெளியவில்லை என்றால் ராத்திரியே கொண்டுவாருங்கள். உலகம்மாள் என் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. விடிவதற்குள் ஐந்து தடவை. தலை தெளிந்துவிட்டது.

"டாக்டர் மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தான் குடிப்பியளோ? நான் ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுதேன், குடிங்க" என்றாள் இன்று காலை. குடித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

முதல் பஸ்ஸில் போய்விட்டோம். இந்துமதியிடம் மட்டும் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண். பைலைப் புரட்டிவிட்டு உலகம்மாளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "இவங்களுக்கு வீட்ல யாரும்..."

"டாக்டரம்மா, சீக்கு எனக்கு. இங்க பாத்துப் பேசுங்க. போன தடவை என்ன வெளிய உக்கார வச்சிட்டு மவன்ட்ட சொல்லிட்டிய. அவன் எனக்குச் சொல்லல. நான் ஒங்க மருந்த முருங்கைக்கு ஊத்திட்டேன். வலி மாத்திரை முழுங்கினேன். ஊறுகா தின்னேன். இதுல எது என் தப்பு?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. "பையன்தான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரும்மா. அம்மா பயந்துருவாங்கன்னு" என்றார்.

"பயப்படுத ஆளு மாதிரியா இருக்காவ எங்கக்கா?" என்றாள் உலகம்மாள்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். ஒரு தாளில் படம் வரைந்தார். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தமெல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து ஈரலுக்குள் போகிறது. ஈரல் அதைச் சுத்தம் செய்து நெஞ்சுக்கு அனுப்புகிறது. என் ஈரல் தழும்பு ஏறி இறுகிப் போயிருக்கிறது. ரத்தம் உள்ளே நுழைய முடியவில்லை. பின்னால் வருவது நிற்கவும் முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை எங்க சந்தை மாதிரி" என்றேன். "மண்டி வாசல்ல ஒரு லாரி மாட்டிக்கிட்டா, பின்னால வார லாரியெல்லாம் சந்துக்குள்ள பூந்துரும். சந்து சைக்கிள் போறதுக்குப் போட்டது. சுவரு இடியும்."

"அதேதாம்மா. சாப்பாட்டுக் குழாயில இருக்கிற சின்ன ரத்தக்குழாய்தான் உங்க சந்து. சுவரு இடிஞ்சதுதான் ரத்த வாந்தி. இன்னும் ரெண்டு மூணு இடத்துல சுவரு வீங்கி நிக்குது. இடியறதுக்கு முன்னால ரப்பர் வளையம் போட்டுக் கட்டணும்."

அந்தச் சின்ன மாத்திரை படபடப்புக்கு இல்லை, வருகிற வண்டிகளைக் குறைப்பதற்கு. இனிப்பு மருந்து சிக்கலுக்கு இல்லை. ஈரல் சுத்தம் செய்யாத அழுக்கு மூளைக்கு ஏறிவிடும், அதைக் குடல் வழியாக இறக்குவதற்கு. தினம் இரண்டு மூன்று தடவை போக வேண்டும், அதற்குத் தக்கபடி அளவு. உப்பு வயிற்றில் நீர் கோக்க வைக்கும். வலி மாத்திரை கூடவே கூடாது. பருப்பும் முட்டையும் குறைக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அந்த நிமிஷமே வர வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்லக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"நான் குடிச்சதில்லையே" என்றேன்.

"எங்கக்கா வீட்டுக்காரருதான் குடிச்சாரு டாக்டர், ரெண்டு பேருக்கும் சேத்து. அவரு ஈரலுக்கு ஒரு கொறையுமில்ல, கல்லு மாதிரி இருந்துச்சு. லாரியில அடிபட்டுல்லா போனாரு" என்றாள் உலகம்மாள்.

எனக்கு இருப்பது போலச் சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால், ஈரலில் கொழுப்பு படிந்து குடிக்காதவருக்கும் இப்படி ஆகும் என்றார். ஈரல் பழையபடி ஆகாது. இருப்பதைக் காப்பாற்றலாம். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒழுங்காக இருந்தால் வருஷக்கணக்கில் என்றார். பொய் சொல்லும் முகமில்லை.

"நாளைக்கே கட்டிரலாமா?"

"கட்டுங்க."

"பையன்கிட்ட ஒரு வார்த்தை..."

"சம்மதக் கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க."

பிப்ரவரி 21, வெள்ளி

கட்டிவிட்டார்கள். நெஞ்சுக்கு நடுவில் எதையோ முழுங்கி நின்றது போல இருக்கிறது. ஆறின கஞ்சிதான்.

மாலை சங்கரு வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியேம்மா. சித்திய கூட்டிட்டு வந்துருக்க. பெத்த புள்ள கைவிட்டுட்டான்னுதான பேசுவாவ?"

"மூணு வாரம்னு சொன்னத நீ எதுக்குல தள்ளி வச்ச?"

"பதினஞ்சு நாளுதானம்மா. தம்பிக்கு ஒரு நல்லது நடந்துட்டா..."

"அந்தப் பதினஞ்சு நாளுல வெடிச்சிருந்தா? நிச்சயத்துக்குக் கட்டுன பந்தல்லயே என்னத் தூக்கிருப்பிய."

அவன் அழுதான். முப்பத்தெட்டு வயது. அழட்டும் என்று விட்டேன். அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது உலகம்மாள்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். இன்று பெண் வீட்டார் ஏழு பேர். பெண் வரவில்லை, வழக்கமில்லை. ஆவுடை ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தான். புதுச்சட்டை. எல்லாருக்கும் கேசரி, வடை. எனக்கு டம்ளரில் கஞ்சி. "அம்மாவுக்கு லேசா வயிறு சரியில்ல" என்று சங்கரு முந்திக்கொண்டான்.

பெண்ணின் அம்மா நல்ல பொம்பளை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன மதினி, நாள்பட்டதா?" என்று கேட்டாள்.

சங்கரு என்னைப் பார்த்தான். இந்துமதி தட்டைப் பார்த்தாள். ஆவுடை தரையைப் பார்த்தான். சொல்லாதே என்று சொல்லவில்லை.

"நாள்பட்டதுதான். ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம். போன மாசம் ரத்த வாந்தி எடுத்தேன். முந்தாநாளு கட்டு போட்டுட்டு வந்தேன். இன்னும் போடணும். சாவுற வரைக்கும் மருந்து. என் மருந்த நானே எடுத்துக்கிடுவேன், என் துணிய நானே தொவச்சுக்கிடுவேன். முடியாம விழுந்தா என்ன செய்யன்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுப் பொண்ணக் குடுங்க."

பெண்ணின் மாமா, "ஈரல்னா... குடிப் பழக்கம் கிடையாதுல்லா குடும்பத்துல?" என்றார். "இதுக்கும் குடிக்கும் சம்பந்தமில்ல. குடிச்சவரு படத்துல தொங்குதாரு, அவருட்ட கேளுங்க" என்றேன். பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

போகும்போது, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆவுடை விடிவதற்கு முன் கிளம்பிவிட்டான். சொல்லிக்கொண்டு போகவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கல்யாணத் தரகர் வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டார். பெண் வீட்டில் விருப்பமில்லையாம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். இப்போதுதான் இடிக்கிறதாம்.

சங்கரு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன்.

மத்தியானம் எலுமிச்சை நறுக்கி ஊறுகாய் போட்டேன், அவர்களுக்கு. கண் எரிந்துகொண்டே இருந்தது. நல்ல சாறுள்ள காய்.

பிப்ரவரி 28, வெள்ளி

மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் 1, சனி

ஆவுடை போன் செய்தான்.

"எம்மா. எத்தனை கட்டு போட்டாவ?"

"மூணு."

"அடுத்தது எப்ப?"

"மார்ச் பதினாலு."

"நான் வாரேன். உள்ள நான் வரமாட்டேன், வெளிய பெஞ்சில உக்காந்துக்கிடுதேன். ஒன்ட்டயே சொல்லட்டும். நீ வந்து எனக்குச் சொல்லு."

நான் சரி என்றேன். வேறு எதுவும் பேச முடியவில்லை. சிக்னல் சரியில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இனி நடக்க வேண்டியவை. எல்லாரும் படித்துக்கொள்ள வசதியாகக் கூடத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கப் போகிறேன்.

டாக்டர்: எந்த நோயாளியையும் வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவரிடம் சொல்லக் கூடாது. பயந்துவிடுவார்கள் என்று யார் சொன்னாலும், பயப்படுகிறார்களா என்று அவர்களிடமே கேட்க வேண்டும். இதைப் பதினாலாம் தேதி நானே நேரில் சொல்வேன்.

சங்கரலிங்கம்: என் மருந்து, என் பரிசோதனை, என் தேதி எதையும் என்னைக் கேட்காமல் தள்ளி வைக்கக் கூடாது. ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்றால் நல்ல நேரம் பார்க்காமல் வண்டி கூப்பிட வேண்டும். என்னோடு பேச வேண்டும்.

இந்துமதி: குழம்பை உப்பில்லாமல் வைக்கலாம். ஏன் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். இனி மாடிக்கு வந்து மெதுவாகப் பேச வேண்டியதில்லை, அடுக்களையிலேயே சத்தமாகப் பேசலாம்.

மருந்துக் கடைக்காரர்: நான் கேட்டாலும், கெஞ்சினாலும், திட்டினாலும் வலி மாத்திரை தரக் கூடாது. பஜாரில் மற்றக் கடைகளுக்கும் அவரே சொல்லிவிட வேண்டும்.

உலகம்மாள்: நான் தேதி மறந்து எழுதினால், ஆளை மறந்து பேசினால், மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டும். அதற்காக என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், இதோ கொடுத்துவிட்டேன்.

தரகர்: ஆவுடையப்பனுக்கு அடுத்து எந்த வீட்டில் பேசினாலும் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் என் நோயைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல வராது என்றால் என்னைக் கூட்டிப் போக வேண்டும்.

ஆவுடையப்பன்: பெஞ்சில் உட்கார வேண்டாம். என் பக்கத்தில் உட்காரலாம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்.

நான்: சின்ன மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இனிப்பு மருந்து மூன்று வேளை. குடிப்பேன்.